காலம் தவறாத கம்பி

தில்லியில் அரசு ஊழியர்க்கான ஒரு பழைய குடியிருப்பு. அதன் முதல் தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. அம்பாசமுத்திரத்தில் தனித்திருந்த ஆச்சியை, தாத்தா மறைந்த பிறகு, மகன் தம்மோடு அழைத்து வந்துவிட்டார். வெயில் நன்றாக விழும் பின்பக்க அறை ஆச்சிக்கு ஒதுக்கப்பட்டது.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஆச்சியின் தங்கை ஊரிலிருந்து காணொளி அழைப்பில் வருவார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் சின்னாச்சி. ஆச்சிக்குச் செவித்திறன் குறைந்துவிட்டது. பேசுவோரின் சொற்களைச் செவியால் பாதியும் அவர்தம் உதட்டசைவால் பாதியுமாகவே அவர் அறிந்துகொள்வார். கைப்பேசியின் சிறுதிரையில் உதடுகள் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே அவர் அறையில் ஒரு பெரிய தொலைக்காட்சி வைக்கப்பட்டது. அதன் மேல் ஒரு சிறு கேமரா பொருத்தப்பட்டது. பேச்சு உரக்கக் கேட்கட்டும் என்று கட்டிலின் அருகே ஒரு புளூடூத் ஒலிபெருக்கியும் வந்தது.

இத்தனை வசதிகள் செய்தும் பயன் விளையவில்லை. சின்னாச்சியின் முகம் திடீரென்று உறைந்து நிற்கும். குரல் மட்டும் ஓடும். பின்பு முகம் விரைந்து அசையும், குரல் பின்தங்கிவிடும். ஒருநாள் ஆச்சி பேரனிடம், "அவள் வாய் ஒன்று சொல்கிறது, பேச்சு வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது என்றே தெரியவில்லை, ஐயா. அணைத்துவிடு" என்றார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை உரையாடல் சுருங்கியது. நலமா, சாப்பிட்டாயா என்பதோடு நின்றது. ஒரு வாரம் ஆச்சி தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

இணைய வேகம் போதவில்லை என்று அப்பா கருதினார். நொடிக்கு 50 மெகாபிட்டாக இருந்த இணைப்பை 150 மெகாபிட்டாக உயர்த்தினார். அடுத்த ஞாயிறும் அதே கதைதான்.

"வேகம் மூன்று மடங்கு ஆயிற்றே, அப்பா! பேச்சு மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது?" என்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்தி கேட்டாள்.

விரைவும் ஒழுங்கும்

பேத்தியின் கேள்விக்கு விடை காண, இணையத்தின் வழியே செய்தி எவ்வாறு செல்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். ஒளிப்படமோ குரலோ முழுமையாக ஒரே சரடாகச் செல்வதில்லை. அது சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் சேர வேண்டிய முகவரி எழுதப்படுகிறது. பொட்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுகின்றன. ஆனால் புறப்பட்ட இடைவெளியிலேயே போய்ச் சேர்கின்றன என்பதற்கு உறுதியில்லை. வழியில் நெரிசல் இருந்தால் சில காத்திருக்கும். சில தொலைந்தும் போகும்.

ஒரு கடிதத்தையோ கணக்கையோ அனுப்பும்போது இதனால் கேடில்லை. கடைசிப் பொட்டலம் அரை நொடி தாமதமாக வந்தாலும் கடிதம் கடிதமே. குரலும் அசையும் படமும் அத்தகையன அல்ல. அவை வரும் நேரமும் அவற்றின் பொருளில் ஒரு பகுதி.

இது தமிழ் கற்போர்க்குப் புதிய செய்தியன்று. எழுத்தை ஒலிக்கும் கால அளவை நம் இலக்கணம் மாத்திரை என்று வழங்குகிறது. கண் இமைக்கும் நேரத்தையும் கைவிரல் நொடிக்கும் நேரத்தையும் அதற்கு அளவாகத் தொல்காப்பியம் கொள்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. 'படம்' என்பதன் முதலெழுத்தை ஒரு மாத்திரை கூட்டி ஒலித்தால் அது 'பாடம்' ஆகிவிடுகிறது. நேரம் மாறினால் சொல் மாறுகிறது; சொல் மாறினால் பொருள் மாறுகிறது. ஆச்சியின் அறையில் நிகழ்ந்த குழப்பமும் கால அளவைப் பற்றியதுதான். ஆயினும் 'நொடிக்கு இத்தனை மெகாபிட்' என்னும் அளவு அதைக் காட்டாது. ஒரு நொடியில் எத்தனை பொட்டலங்கள் செல்லக்கூடும் என்பதையே அவ்வளவு கூறுகிறது. அவை சீராக வருகின்றனவா என்பதைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை. விளம்பரங்களும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒரு காணொளி அழைப்புக்கு நொடிக்குச் சில மெகாபிட் கிடைத்தாலே போதும். அது 50 மெகாபிட் இணைப்பிலேயே தாராளமாக இருந்தது.

கணினிக்காகப் பிறந்த வலை

வீடுகளில் இன்று கம்பிவழிச் செய்தி செல்லும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். 1973ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் இதை உருவாக்கினர். அலுவலகக் கணினிகளைத் தம்முள்ளும் அச்சுப்பொறியோடும் இணைப்பதே அவர்கள் நோக்கம். தொடக்கத்தில் அதன் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட்.

அந்நாளில் எல்லாக் கணினிகளும் ஒரே தடித்த வடத்தைப் பகிர்ந்துகொண்டன. அவற்றுக்கிடையே தலைவன் எவனும் இல்லை. பேச விரும்பும் கணினி, வடம் அமைதியாக உள்ளதா என்று கேட்கும். அமைதியாக இருந்தால் பேசும். இரு கணினிகள் ஒரே வேளையில் பேசத் தொடங்கினால் செய்திகள் மோதிக்கொள்ளும். உடனே இரண்டும் நிறுத்தி, ஆளுக்கொரு கணக்கில் சற்றுப் பொறுத்து, மீண்டும் முயலும். அந்தப் பொறுத்தல் எவ்வளவு நேரம் என்பது குருட்டாம்போக்கில் தேர்ந்துகொள்ளப்படும். அச்சுப்பொறிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தியது.

இக்காலத்துக் கம்பிவழி ஈதர்நெட்டில் இத்தகைய மோதல் இல்லை. சுவிட்ச் என்னும் பெட்டி ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கம்பி தந்து, பொட்டலங்களை வரிசைப்படுத்தி அனுப்புகிறது. எனினும் வைஃபையில் அந்தப் பழைய வழக்கம் இன்றும் உயிரோடுள்ளது. காற்றுவெளியை எல்லாரும் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொரு கருவியும் கேட்டுக் காத்திருந்தே பேச வேண்டும். நெருக்கமான குடியிருப்பில் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்துவீடு ஆகிய எல்லா வீட்டு வைஃபையும் அதே வெளியில்தான் உலவுகின்றன. ஆச்சியின் அறைக்கோ இரண்டு தடித்த செங்கல் சுவர்களைக் கடந்தாக வேண்டும். கூடத்தில் இருக்கும் ரவுட்டரிலிருந்து புறப்பட்ட பொட்டலங்களில் பல சிதைந்து, மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டன. சராசரி வேகம் குறையவில்லை, சீர் குலைந்தது.

ஆற்றங்கரை ஒலி

குரலும் படமும் எவ்வளவு விலகினால் மனிதர் அதை உணர்வர்? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கு அளவு கூறியிருக்கிறது. படத்தைக் காட்டிலும் ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலே கண்டுகொள்வர். ஒலி பிந்துவதாயின், சுமார் 125 மில்லிவினாடி வரை பெரும்பாலோர்க்குத் தெரிவதில்லை. ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே மில்லிவினாடி.

முந்துவதை இவ்வளவு விரைவில் கண்டுகொள்ளும் மனம், பிந்துவதை ஏன் பொறுத்துக்கொள்கிறது? ஆச்சியிடம் இதைப் பேத்தி கேட்டாள். ஆச்சிக்கு அறிவியல் தெரியாது, தாமிரபரணி தெரியும். அக்கரையில் துணி துவைப்பவர் துணியைக் கல்லில் அறைவது முதலில் கண்ணில் படும். 'படீர்' என்னும் ஓசை அடுத்த துணி மேலே எழும்போதுதான் காதில் விழும் என்று அவர் சொன்னார். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஒளியோ நொடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே இயற்கையில் ஒலி என்றும் பிந்தியே வரும். மனித மூளை அதற்குப் பழகியிருக்கிறது. ஒலி முந்தி வருவதை எந்த ஆற்றங்கரையும் நமக்குக் காட்டியதில்லை.

ஆச்சியின் அறையில் படத்துக்கும் குரலுக்கும் வெவ்வேறு பாதைகள் இருந்தன. படம் நேரே திரைக்குச் சென்றது. குரல் மீண்டும் ஒருமுறை சுருக்கப்பட்டு, புளூடூத் வழியே ஒலிபெருக்கிக்குச் சென்று, அங்கே விரிக்கப்பட்டது. இவ்வகைப் பயணத்தில் நூறு, இருநூறு மில்லிவினாடிகள் கழிவது இயல்பு. பாட்டுக் கேட்போர்க்கு இது தெரியாது. உதட்டைப் படிப்பவர்க்கு இதுவே பெரிய இடையூறு.

தேக்கி வைத்தலும் அதன் எல்லையும்

ஒழுங்கின்றி வரும் பொட்டலங்களை ஒழுங்குபடுத்த ஓர் எளிய வழியுண்டு. வந்தவற்றை உடனே காட்டாமல் சிறிது தேக்கி வைத்து, பின்பு சீராக வெளியிடலாம். ஏரியில் நீர் தாறுமாறாக வந்து சேர்ந்தாலும் மதகின் வழியே ஒரே அளவாகப் பாய்வது போன்றது இது. இணையத்தில் திரைப்படம் காண்போர் தொடக்கத்தில் சில நொடிகள் காத்திருப்பது இதற்காகவே. படம் பத்து நொடி பிந்தி வந்தாலும் பார்ப்பவர்க்கு இழப்பில்லை.

உரையாடலில் அவ்வாறு செய்ய இயலாது. 'நலமா?' என்று கேட்டுவிட்டுப் பத்து நொடி காத்திருக்க யாராலும் முடியாது. பேசுவோர் வாயிலிருந்து கேட்போர் காதுக்குச் செல்ல 150 மில்லிவினாடிக்குள் ஆனால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்றும், 400 மில்லிவினாடியைக் கடந்தால் தொல்லையே என்றும் அதே ஒன்றியம் வகுத்துள்ளது. அந்த 150க்குள் தில்லிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடைப்பட்ட தொலைவு, இருபுறத்துக் கருவிகளின் வேலை, தேக்கம் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் பத்துப் பதினைந்து மீட்டர் தொலைவுக்கு அதில் பெரும்பங்கைக் கொடுப்பது வீண்செலவு.

கம்பிக்குக் கடிகாரம்

தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, இசைப்பெட்டி முதலிய வீட்டுக் கருவிகளுக்கு ஏற்றவாறு ஈதர்நெட்டைத் திருத்தியமைக்க வேண்டும் என்னும் எண்ணம் பொறியாளரிடையே எழுந்தது. 2004இல் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகத்தில் 'குடியிருப்பு ஈதர்நெட்' என்ற பெயரில் ஓர் ஆய்வுக் குழு தொடங்கியது. அம்முயற்சி பின்னர் 'ஒலி ஒளிப் பாலம்' என்னும் பொருளுடைய ஏ.வி.பி. என்ற பெயரைப் பெற்றது. அதன் அடிப்படை விதிகள் 2011க்குள் வெளிவந்தன.

அவ்விதிகளின் உட்கருத்து மிக எளியது. முதலாவதாக, வலையில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். ஏழு கட்டங்கள் தள்ளியிருந்தாலும் இரு கருவிகளின் கடிகாரங்கள் ஒரு மைக்ரோவினாடிக்கு மேல், அதாவது ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல், வேறுபடலாகாது. இவ்வளவு நுட்பம் வேண்டுமா என்று தோன்றலாம். இடப்பக்க ஒலிபெருக்கிக்கும் வலப்பக்க ஒலிபெருக்கிக்கும் இடையே ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான வேறுபாடு இருந்தாலே, பாடகர் நடுவிலிருந்து நகர்ந்து ஒருபக்கம் போய்விட்டதுபோல் காதுக்குத் தோன்றும். இரண்டாவதாக, ஒளிபரப்பைத் தொடங்கும் முன்னரே வழியில் உள்ள சுவிட்சுகளிடம் இடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பதிவு கிடைத்தால் அந்த இடத்தை வேறெந்தச் செய்தியும் பறிக்க முடியாது; அது சேருமிடத்தை 2 மில்லிவினாடிக்குள் அடைந்துவிடும். பதிவுக்கெனக் கம்பியின் கொள்ளளவில் நான்கில் மூன்று பங்கு வரை ஒதுக்கலாம். எஞ்சிய பங்கு கடிதத்துக்கும் கணக்குக்கும் உரியது. இரயிலில் முன்பதிவுப் பெட்டிகளும் பொதுப்பெட்டியும் ஒரே வண்டியில் செல்வதுபோலக் கொள்ளலாம். தில்லியிலிருந்து கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்கென்று வகுத்த இந்த ஏற்பாடு வீடுகளில் பரவவில்லை. மக்கள் வைஃபையை விரும்பினர். நினைவகச் சில்லுகள் மலிந்தன. தேக்கி வைத்துக் காட்டும் முறையே திரைப்படங்களுக்குப் போதுமானதாயிற்று. ஆனால் ஏ.வி.பி. வீணாகிவிடவில்லை. இசையரங்குகளும், மோட்டார் வண்டிகளும், இயந்திரக் கைகள் இணைந்து இயங்கும் தொழிற்சாலைகளும் அதை எடுத்துக்கொண்டு மேலும் வளர்த்தன. ஆச்சியின் வீட்டுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையுமில்லை. ஒரு தொலைக்காட்சிக்கு ஒரு தனிக் கம்பி இருந்தால், அக்கம்பியில் வரிசையே இராது. வரிசை இல்லையெனில் காத்திருப்பும் இல்லை. அந்த ஒரு கம்பியை அறைக்குள் கொண்டுபோவது எப்படி என்பதே வீட்டாரின் கேள்வி. சுவரை உடைக்கவோ துளையிடவோ குடியிருப்பு அலுவலகம் இசைவு தராது.

ஏற்கெனவே இருக்கும் கம்பிகள்

சுவருக்குள் மூன்று வகைக் கம்பிகள் முன்னரே இருந்தன. புதுக்கம்பி இழுக்க இயலாத வீடுகளில் இவற்றையே செய்தி சுமக்கப் பழக்கலாம் என்று உலகெங்கும் பொறியாளர் முயன்றதுண்டு.

ஒன்று, தொலைபேசிக் கம்பி. மனிதக் குரலுக்காக அது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களையே பயன்படுத்துகிறது. அதற்கு மேலுள்ள வெளி வெறுமையாகக் கிடந்தது. 1998இல் ஹோம்பிஎன்ஏ என்னும் கூட்டமைப்பு, 4 மெகாஹெர்ட்சுக்கு மேலுள்ள அதிர்வெண்களில் கணினிச் செய்தியை அனுப்பும் முறையை வகுத்தது. கீழ்த்தளத்தில் குரலும் மேல்தளத்தில் கணினிச் செய்தியுமாக ஒரே கம்பி ஒரு மாடி வீடாயிற்று. தில்லி வீட்டின் தொலைபேசிக் கம்பியோ இணைப்பு நின்றுபோய்ப் பல ஆண்டுகள் கழிந்தது. அதற்குரிய கருவிகளும் கடைகளில் இல்லை.

இரண்டு, தொலைக்காட்சிக்குரிய கேபிள் வடம். நடுவில் செம்புக்கம்பி, அதைச் சுற்றி மின்காப்பு, அதற்கும் வெளியே பின்னல் உறை என்று அமைந்த இதற்கு 1880இல் ஆலிவர் ஹெவிசைடு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். வெளியிரைச்சல் உள்ளே புகாததால் செய்தி சுமக்க இது மிகவும் ஏற்றது. 2004இல் தோன்றிய மோக்கா என்னும் கூட்டமைப்பின் முறை அமெரிக்க வீடுகளில் நன்கு பயன்பட்டது. ஆனால் மொட்டைமாடியில் செயற்கைக்கோள் தட்டு வைத்திருக்கும் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. தட்டிலிருந்து செட்டாப் பெட்டிக்கு இறங்கும் அலைகள் 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடத்தை நிரப்பியிருக்கின்றன. மோக்கா விரும்புவதும் ஏறத்தாழ அதே இடத்தைத்தான். ஆச்சியின் அறைக்கு வந்த வடம் தட்டிலிருந்து வந்ததே. எனவே அதுவும் கைவிடப்பட்டது.

மூன்றாவது, மின்கம்பி. எல்லா அறையிலும் உள்ள கம்பி அதுதான். அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர் மின்வழி அடாப்டர் இரண்டை இரவலாகத் தந்தார். ஒன்றைக் கூடத்தில் ரவுட்டரின் அருகிலும் மற்றொன்றை ஆச்சியின் அறையிலும் சுவரிலுள்ள மின்செருகியில் நேராகச் செருகினர். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகலாகாது. மின்வீச்சைத் தடுக்க அதிலுள்ள வடிகட்டி, செய்தியையும் சேர்த்து வடிகட்டிவிடும்.

மின்கம்பியின் கதை விரிவாகவே சொல்லத்தக்கது. நம் நாட்டில் அதில் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 அலைகளாக ஓடுகிறது. அந்தப் பேரலையின் மேல், 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மிக நுண்ணிய அலைகளாகச் செய்தி ஏற்றப்படுகிறது. 2001இல் வெளிவந்த ஹோம்பிளக் என்னும் முறை நொடிக்கு 14 மெகாபிட் வேகத்தைக் கொண்டது. தொலைக்காட்சிக்கென்றே திருத்தி 2005இல் வெளியிட்ட ஹோம்பிளக் ஏவி முறை, 200 மெகாபிட்டை உச்சமாகக் கொண்டது. இதில் செய்தி ஒரே பாதையில் செல்வதில்லை. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய அதிர்வெண் இழைகளாகப் பிரிந்து செல்கிறது. எந்த இழையில் இரைச்சல் மிகுதியோ அதில் குறைவாகவும், எதில் அமைதியோ அதில் நிறைவாகவும் செய்தி ஏற்றப்படும்.

அதைவிட நுட்பமானது, அது காலத்தைக் கையாளும் விதம். வீட்டுக் கருவிகளின் இரைச்சல் பெரும்பாலும் மின்னலையின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்தே கூடிக் குறையும். எனவே இம்முறை தன் கடிகாரத்தை மின்னலையோடு இணைத்துக்கொள்கிறது. இரண்டு அலைகள் கழியும் நேரம் ஒரு சுற்று. நம் நாட்டில் அது 40 மில்லிவினாடி. நொடிக்கு 60 அலைகள் ஓடும் அமெரிக்காவில் ஏறத்தாழ 33. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதியைப் படத்துக்கும் குரலுக்கும் முறைவைத்து ஒதுக்கலாம். எஞ்சிய பகுதியில் மற்றவை போட்டியிட்டுக்கொள்ளும். வாய்க்கால் நீருக்கு முறை வைப்பதுபோன்ற ஏற்பாடு இது. மின்சாரமே இங்குக் கடிகாரமாகிவிட்டது. பின்னர் தொலைபேசிக் கம்பி, கேபிள் வடம், மின்கம்பி ஆகிய மூன்றுக்கும் பொதுவான ஒரே முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தது. அதன் பெயர் ஜி.எச்.என்.

மின்வழி அடாப்டர் சனிக்கிழமை சோதனையில் நன்றாகவே இயங்கியது. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சின்னாச்சி வந்தார். முகமும் குரலும் ஓரளவு பொருந்தின. ஆச்சி முகம் மலர்ந்தார். பத்தேகால் மணிக்கு அம்மா தேங்காய்ச் சட்டினி அரைக்க மிக்சியைப் போட்டார். மிக்சியின் மோட்டாரில் கரித்துண்டுகள் உராயும்போது ஓயாமல் சிறு தீப்பொறிகள் எழும். அவற்றின் இரைச்சல் மின்கம்பி முழுவதும் பரவும். சின்னாச்சியின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறியது. "சட்டினி வேண்டுமா, சின்னாச்சி வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்" என்றார் அம்மா.

பழைய கம்பி காட்டிய வழி

அடுத்த வாரம் ஒரு மின்பணியாளர் அழைக்கப்பட்டார். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பயனற்றுக் கிடந்த தொலைபேசிக் கம்பியின் நுனியைக் கூடத்தில் பிடித்து மெல்ல இழுத்தார். ஆச்சியின் அறையில் மறுநுனி அசைந்தது. கட்டிடம் எழுந்த நாளிலேயே கூடத்திலிருந்து பின்னறைக்குச் சுவருக்குள் ஒரு குழாய் பதித்து, அதனுள் அக்கம்பியைச் செலுத்தியிருந்தனர். மின்கம்பிக்குரிய குழாய் வேறு, இது வேறு. இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் அவர் அதைத் தொட்டிருக்க மாட்டார்.

பழைய கம்பியின் நுனியில் புதிய ஈதர்நெட் வடத்தை இறுகக் கட்டினார். அப்பா கூடத்திலிருந்து வடத்தைத் தள்ளினார். பணியாளர் பின்னறையில் பழைய கம்பியை இழுத்தார். வளைவுகளில் சிக்கியபோது வலிந்து இழுக்காமல் நிறுத்தி, சற்றுத் தளர்த்தி, மீண்டும் இழுத்தார். அரைமணி நேரத்தில் பழைய கம்பி முழுவதும் வெளியே வந்துவிட்டது. அதன் இடத்தில் 16 மீட்டர் நீளத்துக்குப் புதிய வடம் அமர்ந்தது.

வடத்தின் உறையை நீக்கியபோது உள்ளே எட்டுக் கம்பிகள் இணை இணையாக முறுக்கியிருப்பதைப் பிள்ளைகள் கண்டனர். 1881இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற உத்தி அது. இரு கம்பிகளை முறுக்கினால் வெளியிரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் தாக்கும். பெறும் முனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் நீங்கிச் செய்தி மட்டும் எஞ்சும். ஆகையால் நுனியில் இணைப்பியைப் பொருத்தும்போது முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கலாகாது. (தீபாவளிக்குத் தின்னும் முறுக்குக்கும் இதே வினைச்சொல்லே வேர்.) தொலைக்காட்சியிலிருந்து ஒலிபெருக்கிக்கும் ஒரு சிறு கம்பி போடப்பட்டது, புளூடூத் அணைக்கப்பட்டது.

ஞாயிறு பத்து மணிக்குப் பேத்தி ஓர் ஆய்வு செய்தாள். "சின்னாச்சி, ஒருமுறை கைதட்டுங்கள்" என்றாள். கைகள் சேர்ந்ததும் ஓசை எழுந்ததும் ஒன்றாகவே தோன்றின. மிக்சி ஓடியது, படம் அசையவில்லை. அம்பாசமுத்திரத்தில் அன்று மழை. இருமுறை சின்னாச்சியின் முகம் உறைந்தது. அது அந்த ஊர் இணைப்பின் குறை. தில்லி வீட்டுக்குள் போட்ட கம்பி அங்கே எட்டாது.

மற்ற நேரமெல்லாம் பேச்சு ஓடியது. தம் திருமணத்தின்போது ஆற்றில் வெள்ளம் வந்து, மாப்பிள்ளை வீட்டார் படித்துறையிலேயே நின்றுவிட்ட கதையை ஆச்சி சொல்லத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் சின்னாச்சி குறுக்கிட்டு, "அது உன் கல்யாணத்திலா? என் கல்யாணத்தில் அல்லவா, அக்கா!" என்றார். "நீ அப்போது பாவாடை கட்டிய சிறுபெண். உனக்கு என்ன தெரியும்?" என்று ஆச்சி உடனே திருப்பிக் கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினர், இருவருக்கும் விளங்கியது. பதினோரு மணிக்கு அம்மா சாப்பிட அழைத்தபோதும் அந்த வழக்குத் தீரவில்லை.

சொற்பொருள்

ஒழுங்கு – சீர், முறை. இசைவு – ஒப்புதல். மதகு – ஏரிநீரைத் திறந்துவிடும் வாய். கொள்ளளவு – கொள்ளக்கூடிய அளவு. மின்காப்பு – மின்சாரம் கசியாமல் தடுக்கும் உறை. இரவல் – திருப்பித் தருவதாகப் பெறும் பொருள். குருட்டாம்போக்கு – கணக்கின்றி நேர்வது போன்ற முறை.

பயிற்சி

அ. விடை எழுதுக.

1. இணைய வேகத்தை மூன்று மடங்கு உயர்த்தியும் ஆச்சியின் இடையூறு ஏன் தீரவில்லை?

2. திரைப்படத்துக்குப் பொருந்தும் தேக்கி வைக்கும் முறை, உரையாடலுக்கு ஏன் பொருந்துவதில்லை?

3. மின்வழி அடாப்டர் தன் கடிகாரத்தை எதனோடு இணைத்துக்கொள்கிறது? அதனால் விளையும் பயன் யாது?

ஆ. மொழியை அறிவோம்.

'கம்பி நீட்டினான்' என்றால் ஒருவரும் அறியாமல் ஓடிவிட்டான் என்பது பொருள். 'கம்பி எண்ணுகிறான்' என்றால் சிறையில் இருக்கிறான் என்பது பொருள். இவ்விரு மரபுத்தொடர்களையும் சொந்த வாக்கியங்களில் அமைத்து எழுதுக.

'படம் – பாடம்' போல, முதலெழுத்தின் மாத்திரை மாறுவதால் பொருள் மாறும் ஐந்து இணைகளை எழுதுக.

இ. செயல்பாடு.

ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடம் காணொளி அழைப்பில் பேசும்போது, அவரைக் கைதட்டச் சொல்லுக. கைகள் சேர்வது முந்துகிறதா, ஓசை முந்துகிறதா என்று கவனித்து எழுதுக. அவர் தம் இளமையில் ஊரிலிருந்து தொலைவில் உள்ளவர்களோடு எவ்வாறு பேசிக்கொண்டார் என்பதையும் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே பத்து வரிகளில் எழுதுக. மின்செருகிகளையும் சுவருக்குள் உள்ள கம்பிகளையும் பெரியவர் துணையின்றித் தொடலாகாது.